யார் வைத்த சேனை

பிறந்த குழந்தையின் நாவில் சீனித் தண்ணீரோ தேனோ ஒரு துளி தொட்டு வைப்பதை எங்கள் பக்கத்தில் சேனை வைத்தல் என்பார்கள். வைத்தவரின் குணம் குழந்தையிடம் படியும் என்பது நம்பிக்கை. ஆகையால் யாரை அழைப்பது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஆலோசனை நடக்கும். உரத்துப் பேசாதவன், வாய்க்கால் தண்ணீருக்காக எவரோடும் மல்லுக்கு நிற்காதவன் என்று கூடலூரில் எனக்கு ஒரு பெயர் ஏற்பட்டிருந்தது. அதன் பொருட்டு எங்கள் தெருவில் பிள்ளை பிறந்த வீடுகளுக்கு என்னை அழைப்பது உண்டு. அப்பிள்ளைகளில் எவனாவது பின்னாளில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டால், "இவனுக்குச் சேனை வச்ச புண்ணியவான் யாரு?" என்று என் வீட்டு வாசலைப் பார்த்துக் கேட்பதும் உண்டு.

என் மகளின் வளைகாப்புக்கு நாள் குறித்து, கம்பத்தில் வளையலுக்கும் சொல்லி வைத்திருந்தோம். அந்த நாளுக்கு முன்னரே குழந்தை பிறந்துவிட்டது. இரண்டு மாதத்திற்கும் மேலாக முந்திக்கொண்டு வந்த பெண் குழந்தை. எங்கள் தோட்டத்துப் பன்னீர்த் திராட்சையில் ஒரு சிறு கூடை அதைவிடக் கனக்கும். தேனியில் ஒரு மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அது சிக்குன் குனியாக் காய்ச்சல் ஊர் ஊராகப் பரவிய காலம். சம்பந்தியம்மாளோ ஆண்டிபட்டியில் கை கால் மூட்டெல்லாம் வீங்கிப் படுத்திருந்தார். என் மனைவி அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டாள். மருமகன் குமுளிக்கு அப்பால் ஒரு ஏலத் தோட்டத்தில் வேலையிலிருந்தார். ஞாயிறு தோறும்தான் வர இயலும். எனவே பெண்கள் செய்ய வேண்டிய துணையை, மருமகனின் தகப்பனாராகிய சம்பந்தியும் நானுமாக இரண்டு ஆண்கள் செய்ய நேர்ந்தது. வெந்நீர் பிடிக்கவும், துணி அலசவும், வார்டுக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கவும் நாங்கள் கற்றுக்கொண்டோம். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினமாயிருந்தது.

மூச்சுக்கு இருந்த ஆபத்து முதல் வாரத்திலேயே விலகியது. அதன்பின் எங்கள் முன் நின்றது ஒரே கேள்வி: இந்தக் குழந்தை தானாகப் பால் குடிக்குமா? குழாயின்றிக் குடிக்க வேண்டும், குடித்து எடை கூட வேண்டும், அதன் பிறகே வீடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை மூக்கு வழியாக வயிற்றுக்குச் சென்ற மெல்லிய குழாய்தான் அதற்கு உணவு. மகள் பீய்ச்சிக் கொடுக்கும் பாலை, ஊசி கழற்றிய சிரிஞ்சு ஒன்றில் ஊற்றிச் செவிலியர் உயர்த்திப் பிடிப்பார். பால் தன் கனத்தினாலேயே மெல்ல இறங்கும். குழந்தை உறங்கிக்கொண்டேயிருக்கும். பசி என்று ஒரு முறையும் அழுததில்லை. கடிகாரத்தைப் பார்த்துத்தான் பால் கொடுத்தார்கள்.

அழாத குழந்தையைக் குறித்து என் மகள் மிகவும் அஞ்சினாள். "பசிக்கும்னே அதுக்குத் தெரியலயேப்பா" என்பாள். எனக்கும் அதே அச்சம்தான்.

சம்பந்திக்கு அச்சத்தை விடப் பொறுமையின்மை அதிகம். மானாவாரி விவசாயம் செய்பவர். வானத்தைப் பார்த்தே வாழ்நாளெல்லாம் காத்திருந்தவர் என்றாலும், வானத்தைத் தவிர வேறு எதற்கும் காத்திருக்க மாட்டார். செவிலியர் வெளியே வரும் போதெல்லாம் எழுந்து நின்றுவிடுவார்.

"சிஸ்டர், கொழாய எடுத்தாச்சா?"

"இல்லய்யா."

"எங்க வீட்டுல கன்னுக்குட்டி விழுந்த அன்னைக்கே மடியத் தேடுதும்மா."

"அது மாசம் நெறஞ்சு விழுந்த கன்னு. உங்க பேத்தி இன்னும் வயித்துக்குள்ள இருக்க வேண்டியவ. அவசரமா வந்துட்டா. யாரு மாதிரியோ தெரியல."

அச்செவிலியர் நடுத்தர வயதுப் பெண்மணி. சிரிக்காமலே கேலி பேசுவார். சம்பந்தி என்னைப் பார்த்து, "நம்மளத்தான் சொல்லுறாக" என்றார். "உங்களைத்தான்" என்றேன் நான்.

ஒரு நாள் காலையில் சம்பந்தி ஆண்டிபட்டியிலிருந்து வந்தபோது மடியிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்தார். மேகமலைத் தேன். எஸ்டேட்டில் வேலை செய்யும் உறவினர் ஒருவரிடம் சொல்லி வாங்கியது.

"சம்பந்தி, எங்க வீட்டுல ஒத்தக்கால்ல நிக்கிறாக. சேனை வைக்காத புள்ளைக்கு எப்படிய்யா நாக்கு வெளங்கும்னு கேக்குறாக. அதுவும் உங்க கையாலதான் வைக்கணுமாம். எங்க வம்சத்துல பொறுமைங்கிறதே கெடையாது, உங்க பக்கமிருந்தாவது வரட்டும்னு சொல்லுறாக."

"பாலைத் தவிர எதுவும் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே."

"ஒரு சொட்டு சம்பந்தி. விரல்ல தொட்டு நாக்குல தடவுறது. ஊருல அத்தன புள்ளைக்கு வச்சீக, எந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு?"

நான் சேனை வைத்த பிள்ளைகள் எல்லோரும் நன்றாகவே இருந்தார்கள். அவர்களுள் ஒருவன் அப்போது கம்பத்தில் டிராக்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அன்றியும், இந்த வழக்கத்தில் எனக்கே நம்பிக்கை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. என் சொந்தப் பேத்திக்கு என் கை சேனை இல்லையே என்ற எண்ணம் உள்ளே உறுத்திக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும் போதே செவிலியர் கதவைத் திறந்து, மகளுக்குத் தலை சுற்றுவதாகவும், அவளைப் பிடித்துக்கொள்ள ஒருவர் உள்ளே வர வேண்டும் என்றும் கூப்பிட்டார். சம்பந்தி குப்பியை என் சட்டைப் பையில் போட்டு, என்னை முன்னே தள்ளிவிட்டார்.

கை கால் கழுவச் செய்து, சட்டைக்கு மேல் ஒரு பச்சை அங்கியை மாட்டிவிட்டார்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்த மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்து அவள் மார்போடு சேர்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். முதன்முறையாக அவ்வளவு அருகில் அதன் வாயைக் கண்டேன். அரிசிப் பருக்கை ஒன்றை வைத்தாலும் அது பெரிதாகத் தோன்றும்.

செவிலியர் சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தபடியே மகளிடம் சொன்னார்: "பால் எறங்கும்போது, உன் பால்ல ஒரு சொட்டு விரல்ல தொட்டு அவ உதட்டுல வையும்மா. உள்ள விடாத. வயிறு நெறையும்போதே வாயில ருசி தெரியணும். அப்பத்தான் இது ரெண்டும் ஒண்ணுன்னு அவளுக்குப் புரியும்."

"அதைக்கூட அவள் விழுங்க மாட்டாளா, அம்மா?" என்று நான் கேட்டேன்.

"விழுங்குவா. ஆனா மூச்சு விட மறந்துருவா. உறிஞ்சணும், முழுங்கணும், நடுவுல மூச்சு விடணும். நமக்குத் தானா வருது. இவளுக்கு அந்த மூணும் ஒண்ணு சேர இன்னும் நாளாகும். அதுக்குள்ள எதையாவது ஊத்துனா நெஞ்சுக்குள்ள போயிரும். தேன், சீனித் தண்ணின்னு கொண்டு வருவாக. இந்தக் குடலும் தாங்காது."

தேன் என்ற சொல்லைக் கேட்டதும் என் கை தன்னையறியாமல் சட்டைப் பையின் மேல் சென்றது. அவர் அதைக் கவனித்தாரோ இல்லையோ, தெரியாது. என் மகள் சுண்டு விரல் நுனியால் பாலைத் தொட்டு அந்த உதட்டில் வைத்தாள். சற்று நேரம் ஒன்றும் நிகழவில்லை. பின்னர் உதடு அசைந்தது. நாக்கு நுனி வெளியே வந்து, அந்தத் துளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே சென்றது. மறுபடியும் வந்தது.

"அப்பா, தேடுதுப்பா" என்றாள் மகள்.

குப்பி பையிலேயே இருந்தது. அதனை எடுக்க வேண்டும் என்னும் எண்ணம் அப்போதே என்னை விட்டுப் போயிற்று.

வெளியே வந்ததும் சம்பந்தி என் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துச் சென்றார். "வச்சீகளா?"

"வைத்தாயிற்று."

"நல்லாருப்பீக சம்பந்தி!"

"நான் வைக்கவில்லை. அவள் அம்மா வைத்தாள். தன் பாலையே வைத்தாள்."

அவர் என் முழங்கையை விட்டுவிட்டார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். பிறகு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப உங்க மக கொணந்தான் வருமா? எம் மகன் ஒருத்திகிட்டப் படுறது பத்தாதுன்னு இன்னொருத்தியா?" என்றார். அந்தப் பெஞ்சுக்கு நாங்கள் வந்த பின்னர் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

இதற்குப் பின் எல்லாம் நேராகச் சென்றன என்று எழுத இயலாது. சங்கால் புகட்டிப் பழக்கத் தொடங்கிய நாளன்று, மகள் ஆசையினால் சங்கைச் சற்று அதிகமாகச் சாய்த்துவிட்டாள். குழந்தையின் உதட்டோரம் நீலம் பாரித்தது. செவிலியர் நிமிர்த்தி முதுகைத் தேய்த்த பின்னரே நிறம் திரும்பியது. மறுபடியும் குழாய். மகள் பெஞ்சில் வந்தமர்ந்து, சங்கைத் தொடவே மாட்டேன் என்று அழுதாள். செவிலியர் அவளை விடவில்லை. "அவ போதும்னு சொல்லுறா, நீ கவனிக்கல. அவ்வளவுதான். விரலை விரிச்சாலோ, மொகத்தத் திருப்புனாலோ நிறுத்திரு. சங்கு காலியாகணும்னு ஒரு சட்டமும் கெடையாது" என்று கூறி மறுநாளும் உட்கார வைத்தார்.

அது முதல் என் மகள் சங்கைப் பார்ப்பதை விட்டுக் குழந்தையின் விரல்களைப் பார்க்கத் தொடங்கினாள். உதட்டில் சங்கின் மூக்கு படும், குழந்தை தானே நாக்கை நீட்டி எடுக்கும், நிறுத்தும், மூச்சு விடும், மறுபடி எடுக்கும். இவ்வாறு சில நாள் பாதி சங்கு, சில நாள் அதற்கும் குறைவு. பின்னர் மார்பில் வைத்துப் பார்த்தார்கள். முதலில் நக்கியதோடு சரி. ஒரு நாள் பிற்பகல் மகள் கண்ணாடிக்கு அப்பாலிருந்து என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். குழந்தை தானாகவே குடிக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. சம்பந்தியிடம் சொல்ல வாயெடுத்தேன். அவரோ அதற்குள், "என்னாச்சு, என்னாச்சு?" என்று வார்டுக் கதவு வரை ஓடிவிட்டார்.

குழாயை எடுத்த பின்னும் எடை கூடுவதற்காகச் சில நாட்கள் வைத்திருந்தார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, எதிரிலிருந்த டீக்கடையில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பன் வாங்கினோம். சம்பந்தி மேகமலைத் தேன் குப்பியைக் கேட்டு வாங்கி, இரண்டு பன்னிலும் தாராளமாக ஊற்றினார்.

"சேனைய நம்மளே தின்னாச்சு. இனிமே நமக்குத்தான் நல்ல கொணம் வரணும்" என்றார்.

கூடலூருக்கு ஒரு ஜீப் பேசியிருந்தோம். குமுளிக்கு ஆள் ஏற்றும் வண்டி. ஓட்டுநர் மாலைச் சவாரிக்குத் திரும்பியாக வேண்டும். மகளும் குழந்தையும் பின் இருக்கையில், நாங்கள் முன்னால். சின்னமனூர் தாண்டி, இரு புறமும் வயல் தொடங்கிய இடத்தில் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. எலிக்குஞ்சு கத்துவது போலத் தொடங்கி, நின்று, பலத்தது. ஓட்டுநர், "பாப்பா அழுகுதா?" என்று சாதாரணமாகக் கேட்டார். நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் பின்னால் திரும்பினோம். அதுவரை அந்தக் குழந்தை பாலுக்கு அழுததேயில்லை. நேரம் பார்த்து எழுப்பித்தான் குடிக்க வைத்தோம்.

"அப்பா, மணி இன்னும் ஆகலப்பா. அவளாக் கேக்குறா!" என்றாள் மகள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

வண்டியை ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தச் செய்து, ஆண்கள் மூவரும் இறங்கி, ஜீப்பிற்கு முதுகைக் காட்டி வயலைப் பார்த்தபடி நின்றோம். நடவு முடிந்து சில நாட்களே ஆகியிருந்த வயல். அழுகை அறுந்து, ஒரு முறை விக்கி, நின்றது. அதன்பின் சத்தமே இல்லை.

ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கெளம்பலாமா அண்ணாச்சி? நேரமாகுது."

"ஏலே, என்னப்பா அவசரம்?" என்றார் என் சம்பந்தி. "அவ போதும்னு சொல்லட்டும்."