லோரி முறைப்படி அடுக்கிய வீடு

பினாங்குத் தீவுக்குப் புயல் நேராக வருவதில்லை. எங்கோ வேறொரு நாட்டுக் கரையில் அடித்து ஓய்ந்தபின், அதன் வால் மட்டும் இந்தப் பக்கம் ஒரு சுழற்று சுழற்றிவிட்டுப் போகும். ஜெலுத்தோங் பசாரில் மீன் விற்கும் அக்கா இதைச் சொல்லும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். "பக்கத்து வீட்டுச் சண்டைல நம்ம வீட்டுச் சட்டி உடையுது லா" என்பார். அன்று காலை நான் போனபோது அவர் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு மீனப் பாக்காத, போயி வீட்டப் பாரு. சாயங்காலம் கடலும் ஏறுது, காத்தும் வருதாம்."

எங்களுடையது அடுக்குமாடியில் தரைத்தள வீடு. முன்பு ஒருமுறை கணுக்காலளவு தண்ணீர் வந்து பீரோவின் அடிப்பலகை ஊறிப்போனது. அப்போது அதைத் துடைத்துவிட்டுச் சிரித்தோம். இப்போது அப்படி இருக்க முடியாது. என் வீட்டுக்காரருக்கு இரண்டு வருடமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. முப்பது வருடம் லோரி ஓட்டியவர், "ரெண்டு என்ஜினும் ஜாம்" என்றுதான் சொல்வார். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை, பையிலிருக்கும் மருந்து நீரை அதன் வழியாக உள்ளே விட்டு, பழையதை வெளியே வடிக்க வேண்டும். பைகள் மாதத்துக்கு ஒருமுறை பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். முந்தின நாள்தான் வந்திருந்தன, கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு. அதில் அழுக்குத் தண்ணீர் படக்கூடாது, வயிற்றுக்குள் கிருமி போனால் ஆள் தாங்கமாட்டார் என்று ஆஸ்பத்திரித் தாதி என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

வெறுங்கூடையோடு திரும்பியவளைப் படியில் மேல்வீட்டு பாய் பார்த்தார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் சமையல்காரர். எங்களைவிடப் பத்து வயது சின்னவர்.

"அக்கா, பெட்டிய எல்லாம் மேல கொண்டாந்துருவோம். அண்ணனும் இன்னிக்கு எங்க வீட்டுலயே இருக்கட்டும்."

உள்ளே போய்ச் சொன்னேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார் இவர். அந்தப் "பாக்கலாம்" எனக்குப் பழக்கம். மாட்டேன் என்று அர்த்தம். காரணமும் தெரியும். அந்தக் குழாயை என்னையும் தாதியையும் தவிர யாரும் பார்த்ததில்லை. மகள் வந்தால்கூட அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு காலத்தில் கைலியோடு வெற்றுடம்பாய் வாசலில் நின்று தெருவையே கூப்பிட்டுப் பேசிய மனுஷன், இப்போது எந்த வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடுதான் இருப்பார்.

மதியப் பை மாற்றி முடித்ததும், நாற்காலியைப் படுக்கையறை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டு வேலை ஏவ ஆரம்பித்தார். "கட்டில சுவரோட தள்ளு. பெட்டிய மொதல்ல ஏத்து. நல்லா உள்ளாற, ஒட்டி ஒட்டி. இடைவெளி விட்டா சரக்கு ஆடும்." கட்டில் எங்கே ஓடப்போகிறது, சரக்கு ஆடுவதற்கு என்று கேட்டேன். "சொன்னதச் செய்மா" என்றார். ஒரு பெட்டி தூக்கினாலே இடுப்பு பிடிக்கும். தூக்கினேன். அவர் ஏவுவதும் நான் முணுமுணுத்துக்கொண்டே செய்வதும் எங்கள் வீட்டில் ஒரு பாட்டு மாதிரி. அர்த்தத்தை யார் கவனிக்கிறார்கள்.

மூன்று மணிக்கு மழை சரிந்து விழ ஆரம்பித்தது. பாயும் அவர் மனைவியும் வாசலில் வந்து நின்றார்கள்.

"எது மொதல்ல அண்ணே?"

அவர் சொன்னபடி அடுக்கியதையெல்லாம் அப்போதுதான் நான் தள்ளி நின்று பார்த்தேன். அறை வாசலை ஒட்டி என் தையல் மிஷின், என் புடவைப் பெட்டி, என் அடையாள அட்டையும் பத்திரங்களும் வைத்த பை, என் ரத்த அழுத்த மாத்திரை. அதற்குப் பின்னால் அரிசி, மாவரைக்கும் மிஷின், டிவி. எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரில் அப்பியபடி, அவருடைய பெட்டிகள்.

"என்னங்க, பெட்டிய ஏன் அவ்ளோ உள்ள வெக்கச் சொன்னீங்க?"

"லோரில அப்படித்தான். கடைசியா இறங்குற சரக்கு மொதல்ல ஏறும்."

"யாரு கடைசியா இறங்குறது?"

சட்டையின் மேல் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "நீ மேல போயிரு. நான் கட்டில்லயே சமாளிச்சுக்குவேன். பை மாட்டுற கொக்கி இங்கதான இருக்கு" என்றார்.

நான் கத்த வாயெடுத்தேன். பாய் முந்திக்கொண்டார்.

"கொக்கி எவ்ளோ உயரத்துல வேணும் அண்ணே?"

"அதெல்லாம் வேணாம் பாய்."

பாய் சுவரிலிருந்த கொக்கியைத் தன் கையால் அளந்து பார்த்தார், மூக்கு வரை. மேலே போனார். சற்று நேரத்தில் எங்கள் தலைக்கு மேல் டிரில் மிஷின் தெர்ரென்று ஓடியது. கீழே வந்தபோது புருவமெல்லாம் சுண்ணாம்பு.

"அடிச்சாச்சு. வாடகை வீடு. வீட்டு ஓனர் கேட்டா உங்க பேரத்தான் சொல்லப்போறேன்."

இவர் சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியை வாசலிலிருந்து நகர்த்திக்கொண்டார். அது போதும். நானும் பாயின் மனைவியும் அந்த லோரியை இறக்கினோம். பாய் சுமந்தார். "அக்கா, ரெண்டு பேரு இருக்குற வீட்டுல இவ்ளோ சாமான் எதுக்கு, கடை வைக்கப் போறீங்களா" என்று அந்தத் தங்கச்சி கேட்டுக்கொண்டே தன் முந்தானையால் பெட்டி மேலிருந்த மழைத்துளிகளை ஒற்றினாள். கடைசிப் பெட்டி போனபின் இவர் எழுந்தார். ஒரு கை கம்பியில், ஒரு கை வயிற்றில், ஒவ்வொரு படியாக ஏறினார். நடுவில் நின்றபோது நான் பிடிக்கப் போனேன். "விடு, ஏத்தம்னா மெதுவாத்தான் போகணும்" என்றார்.

ஆறு மணிக்கு அடுத்த பை. அவர்களுடைய அறையைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்து வைத்திருந்தார்கள். வெளியே காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கியது. விசிறியை நிறுத்தி, நாங்கள் இருவரும் முகக்கவசம் போட்டு, கையைக் கழுவி, கதவைச் சாத்திக்கொண்டோம். புதுக் கொக்கியில் பை தொங்கியது. உயரம் சரியாக இருந்தது. எல்லாம் முடிந்து குழாயின் மூடியைத் திருகியபோதுதான் ஞாபகம் வந்தது: வடிந்த பையை எடை பார்த்துக் குறிக்க வேண்டும், தராசு கீழே மாட்டிக்கொண்டது.

கதவைத் திறந்தேன். கூடத்தில் பாயும் மனைவியும் விசிறி ஓடாத புழுக்கத்தில் வேர்த்துக்கொண்டு, முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. "கதவுக்கு அடில காத்து போவும்ல அக்கா" என்றாள் தங்கச்சி. தராசு என்றதும் பாய் அலமாரியைத் துழாவினார். மெக்காவுக்கு உம்ரா போகும்போது பெட்டி எடை பார்க்க வாங்கிய தொங்கு தராசு ஒன்றை எடுத்துவந்து, வாசலுக்கு வெளியிலேயே தலையைத் திருப்பியபடி நின்று, கையை மட்டும் உள்ளே நீட்டினார்.

என் வீட்டுக்காரர் அந்தக் கையையே பார்த்தார். சட்டை இன்னும் திறந்துதான் இருந்தது.

"அங்கேருந்து எப்படி எடை பாக்குறது? உள்ள வாங்க பாய்."

பாய் வந்தார். பையை மாட்டித் தூக்கிப் பிடித்தார். "ரெண்டு கிலோ முந்நூறு. பிளேன்ல ஏத்திரலாம் அண்ணே."

"நல்லாப் பாருங்க. கடைல கறி ஊத்துற மாதிரி கண்ணளவுல சொல்லாதீங்க."

பாய் மறுபடி பார்த்தார். அதே எடைதான். கீழே தண்ணீர் எங்கள் வாசற்படியைத் தாண்டிவிட்டது என்று தங்கச்சி ஜன்னலிலிருந்து சொன்னாள். இவர் அதைக் கேட்டமாதிரியே தெரியவில்லை. குழாயை விரலால் தொட்டுக் காட்டி, இது எவ்வளவு தூரம் உள்ளே போகிறது, எதை உள்ளே விட்டு எதை எடுக்கிறது என்று பாய்க்கு விளக்கிக்கொண்டிருந்தார், பழைய லோரியின் பானெட்டைத் திறந்து காட்டுகிறவர் மாதிரி.

"பத்து மணிக்கு இன்னொண்ணு இருக்கு" என்றார் பாயிடம். "தூங்கிறாதீங்க."