குதிகால் வெடிப்புக்கார அம்மா

நெமிலிச்சேரி ஸ்டேஷன் பெஞ்சில் அந்த அம்மா மாலைதோறும் செருப்பைக் கழற்றிவிட்டு, தேங்காய் எண்ணெயில் உருக்கிய மெழுகைக் குதிகாலில் தடவிக்கொண்டிருப்பார். ரயிலுக்கு வரும் பெண்கள் நின்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கேட்காமல் வைத்தியம் சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. அவரோ எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். குதிகாலில் ஒரு கீறல்கூட இல்லை.

“ஆறிப்போச்சேம்மா, இன்னும் எதுக்குத் தடவுறீங்க?” என்றேன்.

“மெதுவா பேசு கண்ணு. ஆறிப்போச்சுன்னு தெரிஞ்சா அப்பால யாரு என்னாண்ட வந்து நிப்பாங்க?”

அதற்குள் ஒரு பெண் வந்து, “இன்னாம்மா, வெடிப்பு எப்டி கீது?” என்றாள்.

அவர் சட்டென்று புடவையை இழுத்துக் குதிகாலை மூடினார். “வலி உயிர் போவுதும்மா.”

விளக்கெண்ணெய் தடவிப் பார்க்கச் சொன்னேன் நான்.