கம்ப்யூட்டருக்கு நான் வைத்த பெயர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். சாமி சம்பந்தப்பட்ட விஷயம். படித்தவர்கள் சிரிப்பார்கள், ஊரில் இருப்பவர்கள் பயந்துபோவார்கள். நான் பத்தாவதோடு நின்றவள். உடன்குடியிலிருந்து கலியாணமாகி, கம்பெனிகள் நிறைந்த ஒரகடத்துக்கு வந்தவள். இங்கே எங்கள் வாடகை வீட்டுக்குள் தினமும் லாரி ஓடும். காலையில் கம்பெனி பஸ்களெல்லாம் தெருவைக் கடந்து போன பிறகு, எங்கள் உள்ளறையில் ஒரு எஞ்சின் உறுமும், ஹாரன் அடிக்கும். முதல் நாள் பக்கத்து வீட்டம்மா அலறிக்கொண்டு வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தார். தெரு காலியாக இருந்தது. அது என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற லாரி.

அவர் நிஜமாகவே ஓட்டியவர்தான். இருங்காட்டுக்கோட்டைப் பக்கமிருந்து புதுக்கார்களை ஏற்றிக்கொண்டு வடநாடு போகிற நீள டிரெய்லர். வண்டிக் கண்ணாடிக்கு மேலே ‘முருகன் துணை’ என்று மஞ்சள் எழுத்தில் எழுதியிருக்கும். எங்கள் பக்கத்தில் எதைப் புதிதாகத் தொடங்கினாலும் திருச்செந்தூரான் பெயரை எழுதாமல் தொடங்க மாட்டோம். நோட்டு, பீரோ, சமையல் கியாஸ் அடுப்பு வரைக்கும். ஒரு மழைநாளில் அந்த வண்டி நசுங்கியது. அவருக்கு வலது கால் முழங்காலோடு போயிற்று. வண்டியைப் பார்க்கப் போன டிரைவர்கள், முன்பக்கம் மொத்தமும் சப்பையாகிக் கிடக்க அந்த எழுத்து மட்டும் கீறல் விழாமல் இருந்தது என்றார்கள். ஆளை அதுதான் காப்பாற்றியது என்று நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

ஊரில் ஒருவருக்கு இப்படி ஆனால் வீடு நிறைய ஆள் வந்து உட்கார்ந்து அழுவார்கள், அதிலேயே பாதி நோவு தீரும். இங்கே யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி ‘எந்த ஷிப்ட்?’ என்பதுதான். ஷிப்ட் இல்லாத மனுஷனிடம் கேட்க இங்கே யாரிடமும் வேறு கேள்வி இல்லை. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான், பேச்சே இல்லை. மாசக்கணக்கில் அப்படியே கிடந்தார். கூட ஓட்டிய நண்பர் ஒருவர் தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, லாரி ஓட்டுகிற விளையாட்டைப் போட்டுக் கொடுத்தார். கால் வேண்டாம், கை போதும். நாலைந்து நாள் கழித்து உள்ளே இருந்து சத்தம் வந்தது.

“ஏளா, இங்க பனி கொட்டுது. ஒரு போர்வை எடுத்துட்டு வா.”

அடுப்பை அணைக்காமலே ஓடினேன். ஏதோ வெளிநாட்டு மலைரோடு. அவர் முகத்தில் சிரிப்பு. நான் பூஜை அலமாரி முன்னால் விழுந்து அழுதேன்.

பிறகு கம்ப்யூட்டர் திணறத் தொடங்கியது. ஒரகடம் கூட்டுரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற ஸ்டீபனிடம் தூக்கிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்றார்.

“சரி அண்ணாச்சி.”

“அண்ணாச்சியா? நான் இன்னா மளிகைக்கடையா வச்சிகினு கீறேன்? ஸ்டீபன்னே கூப்புடுக்கா. யூசர் பேரு இன்னா போட்றது?”

புதுசாகத் தொடங்குகிறது என்றதும் எனக்கு வேறு யோசனையே வரவில்லை. “முருகன் துணைன்னு போடுங்க. தமிழ்லயே போடுங்க” என்றேன். “இப்டி யாரும் கேட்டதில்ல” என்று சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். வீட்டில் திரையைத் திறந்ததும் அந்தப் பெயர் வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஆனால் விளையாட்டைத் திரும்ப ஏற்றியும் லாரி கிளம்பவில்லை. அந்த விளையாட்டுக்கு வாசல்போல லாஞ்சர் என்று ஒன்று உண்டு. அது திறந்தால்தான் உள்ளே போகலாம். அமுக்கினால் வட்டம் சுற்றும், மறையும், அவ்வளவுதான். வீட்டுக்காரர் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். லாஞ்சரை எடுத்துவிட்டுத் திரும்ப ஏற்றினார். ஆன்டிவைரஸை நிறுத்தினார். நண்பர் போனில் சொன்னதையெல்லாம் செய்தார். வட்டம் சுற்றியது, மறைந்தது. அன்று சாயங்காலம், “போச்சு. இதுவும் போச்சு” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். மறுநாள் சோறும் வேண்டாம் என்றார்.

பக்கத்தில் இருக்கிற வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு ஓடினேன். யார் பெயருக்கு அர்ச்சனை என்று குருக்கள் கேட்டதற்கு அவர் பெயரைச் சொன்னேன். மனசுக்குள் மட்டும், “அப்பா, அந்த லாஞ்சரைத் திறந்து விடு” என்று கேட்டேன். இப்படி ஒரு வேண்டுதலை அவன் இதற்கு முன் கேட்டிருப்பானோ என்னவோ. அங்கிருந்து வந்து, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நேராக ஸ்டீபன் கடைக்குப் போனேன்.

“கேம் தொறக்கலயா? நல்லதுதானேக்கா, வுட்டுடு. பையன் ஒயுங்கா படிப்பான்.”

“பையன் இல்ல. எங்க வீட்டு ஆளு விளையாடுறாவ.”

“வூட்டுக்காரரா! வேலைக்குப் போவச் சொல்லுக்கா மொதல்ல.”

“அவியளுக்குக் கால் இல்ல. இது ஓடலன்னா பேசவும் மாட்டாவ” என்றேன். ஸ்டீபன் ஸ்டூலை எடுத்துப் போட்டு என்னை உட்காரச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். லாஞ்சர் ஏன் நின்றது என்று அதுவே எழுதி வைத்துக்கொள்ளுமாம். அதைத் திறந்து படித்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“நான் போட்டதுதான்க்கா இது. இங்க பாரு.”

திரையில் இங்கிலீஷ் எழுத்துகளுக்கு நடுவே வெறும் கட்டம் கட்டமாக இருந்தது.

“உன் யூசர் பேர்லதான் உள்ள ஃபோல்டர் கீது. இந்த லாஞ்சருக்குத் தமிழ் எழுத்து தெரில. வழி தெரியாம நின்னுடுது. உங்க சாமி பேருதான் தடுக்குது.”

வண்டி நசுங்கியபோது காப்பாற்றிய பெயர். யார் காலில் விழுந்து வாசலைத் திறக்கச் சொல்லிவிட்டு வந்தேனோ, அவன் பெயரே வாசலில் குறுக்கே நிற்கிறது. அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அவன் இருக்கிறான், படிக்கத்தான் அதற்குத் தெரியவில்லை.

“பேரை மாத்திருங்க” என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது. மாற்றினார். வெளியே புதுப்பெயர் வந்தது, லாஞ்சர் திறக்கவில்லை. “மேல பேர மாத்தனாலும் உள்ள ஃபோல்டர் மொதல்ல வச்ச பேர்லயேதான் இருக்கும்” என்றார். எனக்கு இரண்டாவது அதிர்ச்சி அது. ஆனாலும் அவன் பெயர் உள்ளே அழியாமல் இருக்கிறதே என்று, அழுகையோடு ஒரு சந்தோஷமும் வந்தது.

“பழைய பேரையே திரும்பப் போடுங்க” என்றேன். போட்டுவிட்டு, புதிதாக இன்னொரு யூசர் திறப்பதுதான் வழி என்றார். என்ன பெயர் என்று கேட்டபோது உடன்குடி என்றேன், இங்கிலீஷ் எழுத்தில். லாஞ்சர் திறந்தது. கடையில் எஞ்சின் உறுமியது. ஸ்டீபனே எழுந்து நின்றுவிட்டார்.

“பழசைத் தூக்கிடவாக்கா? சும்மா எடத்த அடச்சிகினு கீது.”

“தொடாதீங்க.”

வீட்டில் வட்டம் சுற்றி, மறையாமல் வாசல் திறந்தபோது அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே, “ஏளா, சோறு இருக்கா?” என்றார்.

இதைப் படிக்கிற ஊர்க்காரர்களுக்கும், எங்களைப்போலக் கம்பெனிக்காக இங்கே வந்து கிடப்பவர்களுக்கும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். யாரிடமாவது இதைச் சொன்னால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். முருகன் கோபித்துத் தடுத்தான் என்றும் சொல்ல வேண்டாம், இறங்கி வந்து திறந்தான் என்றும் சொல்ல வேண்டாம். அவன் பெயரை அந்த லாஞ்சருக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். இன்றும் காலையில் திரையைத் திறந்தால் இரண்டு பெயர்கள் நிற்கும். முதலில் தமிழில் இருப்பதைத் திறப்பேன். உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் நீலத்திரை. கும்பிட்டுவிட்டு மூடுவேன். பிறகு எங்கள் ஊரை இங்கிலீஷில் திறந்து கொடுப்பேன். அவர் பனிமலை ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்புவார்.