பாட்டுக்குப் பிறகு விட்ட இடம்

கனடாவில் இருக்கிற தம்பி தனியாகப் பாடி வெளியிட்ட பாட்டுகளை ஊர்காவற்றுறை வீட்டில் இருந்து போனில் கேட்டேன். கேட்டவர்கள் கீழே எழுதியிருந்தார்கள். "குரல் நெஞ்சைப் பிழியுது" என்றார் ஒருவர். "ஒவ்வொரு பாட்டுக்குப் பிறகும் ஏன் இவ்வளவு நேரம் சத்தமில்லை? பதிவு பிழை" என்றார்கள் கனபேர்.

என்ன பிழை? தெற்கே சிங்கள ஊரில் கடை வைத்திருந்த எங்கள் அப்பா, நாங்கள் ஐயா என்போம், கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி அனுப்புவார். "பிள்ளையள், சாப்பிட்டியளோ?" என்று கேட்டுவிட்டு, நாங்கள் பதில் சொல்ல இடம் விடுவார். அந்த இடைவெளியில் அவருடைய மூச்சும் தராசுத் தட்டின் சத்தமும் கேட்கும். அம்மாவும் அடுப்பை விட்டுக் குசினிக்குள் இருந்து ஓடிவருவா. "ஓம் ஐயா, சாப்பிட்டனாங்கள்" என்று கத்துவோம்.

பிறகு இனக்கலவரத்தில் கடையோடு ஐயாவையும் எரித்துவிட்டார்கள். அம்மா கசெற்றை அலுமாரிக்குள் பூட்டும்வரை, ஐந்து வயதுத் தம்பி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

நேற்றுத் தம்பி போன் எடுத்தான். "ஆக்கள் பதிவு பிழையெண்டு ஒரே அலுப்புக் குடுக்கினம் அக்கா. அந்த இடத்தையெல்லாம் வெட்டிப்போட்டன்."

இன்று கேட்டேன். ஒரு பாட்டு முடிய உடனே அடுத்தது தொடங்குகிறது. "இப்ப நல்லாயிருக்கு" என்று எழுதியிருக்கிறார்கள். எனக்குத்தான் ஐயாவுக்குப் பதில் சொல்ல இடமில்லை.