எமில்டா அன்ரிக்குத் தெரிந்த குளிர்

எங்கள் ஸ்காபரோ கட்டடத்தில் எமில்டா அன்ரியை எல்லோரும் 'நோர்வே அன்ரி' என்றுதான் சொல்வார்கள். மன்னாரில் பிறந்தவர். கனடாவுக்கு வருமுன் நோர்வேயின் வடகிழக்கு முனையில், வார்டோ என்ற தீவில், மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். கடலுக்கு அப்பால் ரஷ்யா. வார்டோவில் காடு கிடையாது. மாரியில் இரண்டு மாதம் சூரியன் எழும்பாது. அந்தத் தீவுப் பிள்ளைகள் வேலை தேடித் தெற்கே போய்விட, பூட்டிய வீடுகளுக்கு நடுவே தமிழர்கள் மீனுக்கு முள் எடுத்தார்கள்.

"கதைக்க ஆளில்லாமல் காத்தோடை கதைச்சனாங்கள்" என்பார்.

1997 தை மாதம் அவருடைய தம்பி றிச்சர்ட் மொஸ்கோவிலிருந்து அழைத்தான். ஆள் கடத்தும் ஏஜென்ட் அவனை ரஷ்ய எல்லையால் நோர்வேக்குள் நடத்திவிடப் போகிறானாம். அன்ரி சமைத்தபடி ஸ்பீக்கரில் கதைத்தார். நான் அவர் வீட்டு மேசையடியில் இருந்து கேட்டேன்.

"அக்கா, குளிர் தாங்கேலுமோ?"

"பயப்பிடாதை. அங்கை கடலே உறையிறேல்லை. ரொறன்ரோவிலைதான் கூட. ஒரு ஜக்கெற்றும் சப்பாத்தும் காணும்."

"உனக்கென்ன, மீனோடை மீனா ஐசுக்கை கிடந்தனி!"

"போடா குரங்கே."

அவர் பொய் சொல்லவில்லை. வார்டோவைச் சூடான கடல் நீரோட்டம் தொட்டுப் போகிறது. ஆனால் எல்லை ஆறு உள்நாட்டில், பைன் காட்டுப் பள்ளத்தாக்கில் ஓடுகிறது. அங்கே குளிர் பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகை வரை போகும். அங்கே கலைமான் மேய்க்கும் 'சாமி' என்ற பழங்குடி மக்களுக்கு அது தெரியும். தொழிற்சாலைக்கும் அறைக்கும் இடையில் வாழ்ந்த அன்ரி அந்தப் பக்கம் போனதே இல்லை.

றிச்சர்ட் உறைந்த ஆற்றைக் கடந்துவிட்டான். காட்டுக்குள் விழுந்து கிடந்தவனை நோர்வே சிப்பாய்கள் கண்டெடுத்தார்கள். குளிரில் செத்துப்போன இரண்டு பாதங்களையும் வெட்டவேண்டி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒருமுறை பேசினான்.

"அக்கா, நீ சொன்ன குளிர் இது இல்லை."

அதன்பின் அவனுக்குப் போன் எடுக்க அன்ரிக்குத் துணிவு வரவில்லை.

மாசியில் மேல்மாடி ஜெயமலர் அக்கா வந்தார். அவருடைய கணவரும் அதே வழியால் போக மொஸ்கோவில் நின்றார்.

"அன்ரி, நீங்கள் இருந்த இடம்தானே. என்ன உடுப்புப் போடவேணும் எண்டு சொல்லுங்கோவன்."

"எனக்கு அந்த இடம் தெரியாது பிள்ளை. அவரை அதாலை விடாதை."

"உங்கட தம்பி மட்டும் போய்ச் சேரலாம், மற்றவை சேரக்கூடாது, என்ன?"

"அவன்ரை கால் போட்டுது."

"காலில்லாட்டிலும் நோர்வேயிலை இருக்கிறார்தானே! இவர் எப்பிடியும் போகத்தான் போறார்."

ஜெயமலர் அக்கா அழுதுகொண்டு வெளியேறினார். அன்ரி பின்னால் ஓடி, லிஃப்ட் கதவு மூடுமுன் கையைக் கொடுத்துத் தடுத்தார்.

"நில்லு பிள்ளை. தம்பியைக் கேட்டுச் சொல்லுறன்."

உள்ளே வந்து ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினார்.