காஞ்சிபுரத்தில் ஒரு டிரையத்லான் சைக்கிளை ஓட்டிப் பார்த்தது

டிரையத்லான் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கடலில் ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், கரையேறியதும் நாற்பது கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் பத்து கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் இடைவிடாமல் செய்ய வேண்டும். “யாராவது துரத்துறாங்களா?” என்று என் கணவர் கேட்டார். யாரும் துரத்தவில்லை, நானாகத்தான் பெயர் கொடுத்தேன். போட்டி 2009 பிப்ரவரியில். இந்தப் பயணம் அதற்கு முந்தைய மார்கழியில்.

பெயர் கொடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. மூன்று வருடம் முன்பு ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முதுகில் டிஸ்க் நழுவியது. ஆறு மாதம் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. வைத்தியமாகத் தொடங்கிய நீச்சல் பழகிவிட்டது, பிறகு மெல்ல ஓட்டமும் வந்தது. சைக்கிள் மட்டும் பாக்கி. “குனிஞ்சு ஓட்டறது ஒத்துக்கிட்டா ஓட்டுங்க. ஒத்துக்கலைன்னா அந்த ஆசையை விட்டுடுங்க” என்றார் டாக்டர். சிறுவயதில் சைக்கிளை விட்டு இறங்காதவளிடம் சொல்கிற பேச்சா இது? ஆகவே எந்த சைக்கிள் வாங்குவது என்பதோடு, இனி என்னால் ஓட்ட முடியுமா முடியாதா என்பதும் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

சென்னையில் எங்கள் சைக்கிள் குழுவில் கருத்துக் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. டிரையத்லான் சைக்கிளில் கைப்பிடிக்கு முன்னால் இரண்டு கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். முழங்கையை ஊன்றி, அவற்றைப் பிடித்து, காற்றுக்குத் தலையைத் தாழ்த்திப் படுத்தமாதிரி ஓட்ட வேண்டும். “அது இல்லாமல் போட்டிக்கு வராதே” என்றார் ஒருவர். “முதல் போட்டிக்கு அது தண்டம்” என்றார் இன்னொருவர். கார்பன் என்றார்கள், அலுமினியம் என்றார்கள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொருவரும் தன்னிடம் இருப்பதைத்தான் சிபாரிசு செய்தார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே!

அந்தச் சமயத்தில்தான் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. காஞ்சிபுரம் செவிலிமேட்டில் ஒரு பல் டாக்டர், பெயர் இளங்கோ, குடும்பத்தோடு வெளிநாடு போகிறார், அவருடைய டிரையத்லான் சைக்கிள் அறுபதாயிரம் ரூபாய்க்கு விற்பனைக்கு இருக்கிறது. புதிது வாங்கினால் இதைப்போல் இரண்டு மடங்கு ஆகும். அதைவிட எனக்கு உறைத்தது ஊர்ப் பெயர்தான். நான் பிறந்து வளர்ந்தது சின்ன காஞ்சிபுரம். என் பள்ளித் தோழி கலைவாணி பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறாள். அவள் கணவர் தயாளன் அண்ணா ஒரு காலத்தில் மாவட்ட அளவில் சைக்கிள் பந்தயம் ஓட்டியவர், இன்றும் ஞாயிறு தவறாமல் ஓட்டுகிறார். நம்பிக் கருத்துக் கேட்க இவர்களைவிட வேறு யார் வேண்டும்?

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குக் கோயம்பேட்டில் பஸ் ஏறினேன். எழுபத்தைந்து கிலோமீட்டர், இருபத்தெட்டு ரூபாய் டிக்கெட். பூந்தமல்லியைத் தாண்டுவதற்கே ஒரு மணி நேரம் போய்விட்டது. மூன்றேகாலுக்கு இறங்கினேன். பிள்ளையார்பாளையத்துக்கு ஆட்டோக்காரர் அறுபது கேட்டார். “இன்னாண்ணா, நானும் இந்த ஊருதான்” என்றதும் நாற்பதுக்கு இறங்கினார். “சூட்கேசப் பாத்து ஏமாந்துட்டம்மா” என்று வருத்தம் வேறு.

ஆட்டோ காந்தி ரோடு வழியாகப் போனது. பிளஸ் டூ படிக்கும்போது நானும் கலையும் இதே ரோட்டில் கணக்கு டியூஷனுக்கு சைக்கிளில் போவோம். அவளுடையது சிவப்பு, என்னுடையது பச்சை. டவுன் பஸ்ஸை முந்துவது எங்கள் தினசரி வேலை. பெரும்பாலும் கலைதான் முந்துவாள். நான் பஸ்ஸின் பின்னால் புகையைக் குடித்துக்கொண்டு வருவேன். எங்களுக்குப் பின்னால் ஒரு பையன் பந்தய சைக்கிளில் வருவான். எங்களை முந்த எவ்வளவோ வசதி இருந்தும் முந்தவே மாட்டான். பந்தயம் ஓட்டுகிறவன் ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறான் என்று நான் யோசித்ததுண்டு. அந்தப் பையன்தான் தயாளன் அண்ணா. கலைக்கு ஏன் என்று அப்போதே தெரிந்திருந்தது, எனக்குத்தான் கல்யாணப் பத்திரிகை வரும்வரை தெரியவில்லை.

கலை இப்போது ஒரு பட்டுக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறாள். மணப்பெண்களைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து மேலே புடவை போட்டுக் காட்டுவது அவள் வேலை. கதவைத் திறந்ததும், “இன்னாடி இப்படி இளைச்சிட்ட! சாப்பாடு போடாம ஓட வுடறாங்களா?” என்று ஆரம்பித்தாள். எங்கள் வீட்டை விற்று அப்பா அம்மா அண்ணனோடு போய்விட்ட பிறகு, இந்த ஊரில் நான் உரிமையோடு செருப்பைக் கழற்றிப்போடுகிற வாசல் இது ஒன்றுதான்.

மாலை ஐந்து மணிக்கு அவள் ஸ்கூட்டியில் இருவரும் செவிலிமேட்டுக்குப் போனோம். இளங்கோ ஆறடிக்கு மேல் உயரம். பேச்சில் அத்தனை பணிவு. சைக்கிளை வெளியே கொண்டுவந்தார். கன்னங்கரேலென்று, மெலிந்து, கொம்பை நீட்டிக்கொண்டு நின்றது. நான் அதைத் தடவித் தடவிப் பார்த்தேன். கலை அதைச் சுற்றி வந்தாள். சீட்டைப் பார்த்தாள், கொம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் இளங்கோ, “நாளைக்கு ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க மேடம். பெங்களூர்லருந்து ஒருத்தர் கேட்டுக்கினே இருக்கிறாரு, நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவருக்குப் பதில் சொல்லமாட்டேன்” என்றார். பெங்களூர் என்று காதில் விழுந்ததும் எனக்குப் பதற்றம். கைப்பையைத் திறந்து நூற்றியொரு ரூபாயை எடுத்து, “இது அட்வான்ஸா இருக்கட்டும்” என்று அவர் கையில் வைத்துவிட்டேன். அவரும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கலை வாயை மூடிக்கொண்டாள். பிறகு, “சூப்பரா இருக்குதுடி” என்றாள்.

சைக்கிளை இளங்கோ அன்று மாலையே எங்களோடு அனுப்பிவிட்டார். மறுநாள் காலை ஐந்தேமுக்காலுக்குக் கிளம்பினோம். மார்கழி என்பதால் தெரு முழுக்கக் கோலம். அதன்மேல் ஏறாமல் வளைந்து வளைந்து ஓட்டுவதே தனி வித்தை, பாவாடை சட்டைக் காலத்தில் பழகியது, கை மறக்கவில்லை. தயாளன் அண்ணா தன் பழைய பந்தய சைக்கிளில் வந்தார். அவரோடு ஞாயிறுதோறும் ஓட்டும் ரஃபி வந்தார். மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார், கிட்டத்தட்ட என் உயரம், சாதாரண ரோடு சைக்கிள். நான் அட்வான்ஸ் கொடுத்ததைக் கலை இருவரிடமும் சொல்லிவிட்டு, ஸ்கூட்டியில் தண்ணீர் பாட்டில்களோடு பின்னால் வந்தாள். திட்டம் எளிது: செவிலிமேடு பாலத்தைத் தாண்டி வந்தவாசி ரோட்டில் இருபது கிலோமீட்டர் போய்த் திரும்புவது. போட்டித் தூரம் சரியாக நாற்பது.

முதல் பத்து கிலோமீட்டர் சொர்க்கம். பாலாற்றில் ஒரு ஓரமாகத் தண்ணீர் ஓடியது, பனி விலகாத வயல், குளிர்ந்த காற்று. மணிக்கு முப்பது கிலோமீட்டர் காட்டியது மீட்டர். பதினேழு வயது திரும்பக் கிடைத்தமாதிரி இருந்தது. எதிரே வந்த டவுன் பஸ்ஸைப் பார்த்துக் கத்தவேண்டும்போல் இருந்தது, கத்தவும் செய்தேன்.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் முதுகு ஆரம்பித்தது. முதலில் ஒரு கடுப்பு, பிறகு தோள்பட்டை, பிறகு பழைய இடத்திலேயே குத்தல். “அண்ணா, நான் உக்காந்திருக்கறது சரியா இருக்கா?” என்று கேட்டேன். “ஜம்முனு இருக்குதுமா” என்றார் தயாளன் அண்ணா. ரஃபியிடம் கேட்டேன். “செம்மயாப் போய்க்கினு இருக்கீங்கக்கா!” என்றார். இருபதாவது கிலோமீட்டரில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். நான் காலைத் தூக்கி இறங்க முடியாமல், சைக்கிளை ஒரு பக்கம் சாய்த்து இறங்கினேன். டீ மூன்று ரூபாய். “ஒரு குறைகூடவா இல்ல?” என்று மறுபடியும் கேட்டேன். மூவரும் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல, நல்ல சைக்கிளு” என்றார்கள்.

திரும்பி வந்த இருபது கிலோமீட்டரை நான் மறக்கமாட்டேன். ஓட்டத் தெரிந்த மூன்று பேர் பார்த்துவிட்டு நல்ல சைக்கிள் என்கிறார்கள். அப்படியானால் கெட்டது எது? என் உடம்புதான். டாக்டர் சொன்னது பலித்துவிட்டது. கொம்பைப் பிடிக்க முடியாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்பது மணிக்குப் பாலத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கே மோட்டார் சைக்கிளோடு இளங்கோ காத்திருந்தார்.

பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டேன். பிறகு கலையிடம், “நான் பேரை வாபஸ் வாங்கிக்கப் போறேன்டி. இனிமே சைக்கிளே வேண்டாம். உடம்பு விடலை” என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

கலையின் முகம் மாறியது. கணவரைப் பார்த்தாள், அவர் ஆற்றைப் பார்த்தார். “இந்தா, மொதல்ல ஒண்ணு சொல்லு. இந்த சைக்கிள நீ எடுக்கறியா, எடுக்கலியா?”

“எங்கேடி எடுக்கறது?”

“அவருகிட்டச் சொல்லு, அட்வான்ஸ் முறிஞ்சிதுன்னு. அப்பத்தான் நான் வாயத் தொறப்பேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் இளங்கோவிடம் திரும்பி, “மன்னிச்சுக்கோங்க சார், நான் எடுக்கலை” என்றேன். “பரவால்ல மேடம்” என்று அவர் சட்டைப் பையிலிருந்து நூற்றியொரு ரூபாயை எடுத்தார். “அத்தத் திருப்பி வாங்காத. கோயில் உண்டில போட்ருங்க சார்” என்றாள் கலை. பிறகு என்னிடம், “நீ எந்த ஊர்ல பொறந்த? முகூர்த்தப் புடவைக்கு அட்வான்ஸ் குடுத்தப்புறம் எவளாச்சும் குறை சொல்லிப் பாத்திருக்கறியா?” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் எல்லாம் இதுதான் வழக்கம். புடவை எடுக்கப் பத்துப் பேர் போவார்கள். கடையில் ஆளாளுக்கு ஆயிரம் நொட்டை சொல்வார்கள். அட்வான்ஸ் கை மாறிய நிமிடத்திலிருந்து ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டார்கள், அப்புறம் சொல்கிற குறை மணப்பெண்ணைப் போய்ச் சேரும் என்று நம்பிக்கை. என் கல்யாணப் புடவைக்கும் இப்படித்தான். அந்த அரக்குக் கலர் எனக்குப் பொருந்தவில்லை என்று நான் தெரிந்துகொண்டது போட்டோவைப் பார்த்துத்தான். இந்த ஊர்க்காரியாக இருந்துகொண்டு, நூற்றியொரு ரூபாயை நீட்டி எல்லார் வாயையும் நானே கட்டிவிட்டு, ஊரெல்லாம் கருத்துக் கேட்டிருக்கிறேன்!

அட்வான்ஸ் முறிந்ததும் மடை திறந்தது. “பிரேம் உனக்கு ரெண்டு சைஸ் பெருசும்மா. முதுகு பாவம் இன்னா பண்ணும்?” என்றார் தயாளன் அண்ணா. “சீட்டு நுனியிலயே தொத்திக்கினு வந்தீங்கக்கா, பின்னால பாக்கவே பயமா இருந்திச்சி” என்றார் ரஃபி. “நேத்தே சொல்ல வந்தேன், கை எட்டாதுன்னு. கறுப்பு வேற! யாராச்சும் காசு குடுத்துக் கறுப்ப வாங்குவாங்களா?” என்றாள் கலை. கடைசியில் இளங்கோவே தயங்கித் தயங்கி, “உண்மையச் சொல்லணும்னா மேடம், எங்க வீட்டம்மா உங்க உயரந்தான். அஞ்சு கிலோமீட்டர்ல எறங்கிட்டாங்க” என்றார்.

“இதை நேத்தே சொல்லியிருக்கக்கூடாதா சார்?”

“அட்வான்ஸ் கையில வாங்கிட்டு எப்படிங்க சொல்றது?”

அழுதுகொண்டே சிரித்தேன். ஒரு சைக்கிளைப் பற்றி நான்கு பேர் குறை சொல்வது அத்தனை இனிக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஒவ்வொரு குறையும் என் உடம்பின்மேல் நானே போட்ட பழியைத் துடைத்தது.

ரஃபி தன் சைக்கிளை என்னிடம் நீட்டினார். “சீட்டை ஒரு விரக்கடை எறக்கினாப் போதும்க்கா” என்று இறக்கியும் கொடுத்தார். ஏற்கெனவே நொந்த முதுகோடு, பக்கத்திலிருக்கும் ஓரிக்கை வரை மெல்லப் போய்த் திரும்பினேன். வலி கூடவில்லை. வரும்போது குறைந்தேவிட்டது. கலை ஸ்கூட்டியில் பக்கத்திலேயே வந்தாள். கடைசி அரைக் கிலோமீட்டர் அவளை முந்தப் பார்த்தேன். ஆக்சிலேட்டரை முறுக்கி என்னைப் புகை குடிக்கவைத்தாள்.

இனி, இதுபோல் சைக்கிள் பார்க்கப் போகிறவர்களுக்கு. பழைய டிரையத்லான் சைக்கிளுக்குப் படத்தைப் பார்த்துப் பணம் பேசாதீர்கள். விற்பவரின் உயரத்தை முதலில் கேளுங்கள். தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்துப் பயனில்லை, எனக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரை ஒன்றுமே தெரியவில்லை, குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். வந்தவாசி ரோட்டில் காலை எட்டுக்கு மேல் மணல் லாரி அதிகம், அதற்குள் திரும்பிவிடுங்கள். செலவு எனக்குப் போகவர பஸ், ஆட்டோ, டீ, உண்டியல் எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது, தங்கத்தான் தோழி வீடு இருந்ததே. கருத்துக் கேட்பதானால் நிறையப் பேரிடம் கேளுங்கள், ஆனால் காஞ்சிபுரத்தில் கைப்பையை மூடிவைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஜனவரியில் சென்னையில் என் அளவுக்குச் சின்ன பிரேமில் ஒரு ரோடு சைக்கிள் வாங்கினேன், முப்பத்தெட்டாயிரம். கொம்பெல்லாம் இல்லை. முழுப் பணமும் கட்டிவிட்டதால் கலை, தயாளன் அண்ணா, ரஃபி மூவரும் அது பிரமாதம் என்றார்கள். அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

போட்டியன்று சைக்கிள் பகுதியில் கடைசியிலிருந்து நான்காவதாக வந்தேன். கொம்பு வைத்தவர்கள் எல்லாம் விர்ரென்று என்னைத் தாண்டிப் போனார்கள். நாற்பதாவது கிலோமீட்டரில் தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கலை நின்றிருந்தாள், முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். காலைத் தூக்கிப் போட்டு இறங்கினேன். குனிந்து ஓட்டக்காலணியின் நாடாவைக் கட்டினேன். நிமிர்ந்தேன். கலை வலிக்கிறதா என்று ஜாடையில் கேட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு ஓட ஆரம்பித்தேன்.