கற்கண்டு ஜாடிக்குள் ஒரு கல்

எங்கள் அத்தாவின், அதாவது அப்பாவின், மளிகைக் கடையில் மூன்று சட்டங்கள் உண்டு. சரக்கில் கல் இருக்கக் கூடாது. அததை அததோடு சேர்த்து வைக்க வேண்டும். மூன்றாவது சட்டத்தைப் பிறகு சொல்கிறேன். அது இல்லாவிட்டால் இதைச் சொல்ல நான் இருந்திருப்பேனா என்பதே சந்தேகம்.

குன்னூர் பஜாரில் கீழே கடை, மேலே வீடு. காலையில் கடை திறந்ததும் அத்தா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு துவரம்பருப்பை முறத்தில் பரப்பிக் கல் பொறுக்க உட்காருவார். மூட்டை வந்த இடத்திலேயே சலித்துத்தான் அனுப்பியிருப்பார்கள், ஆனாலும் அவருக்கு மனசு கேட்காது. "நம்ம சரக்குல கல்லு கெடந்துச்சுன்னு ஒருத்தரு வந்து சொல்லீறக் கூடாது கண்ணு" என்பார். ஒருமுறை நான் கைதவறி வெந்தயத்தைக் கடுகில் கொட்டிவிட்டேன். அன்று சாயங்காலம் முழுக்க இரண்டையும் பிரித்து அதனதன் டப்பாவில் போட்ட பிறகுதான் எனக்கு டீ கிடைத்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

எங்களோடு மாமா ஒருவர் இருந்தார், அம்மாவின் தம்பி. மலையில் பழைய எஸ்டேட் பங்களா எதையாவது காலி செய்தால் முதல் ஆளாகப் போய் நிற்பார். அங்கிருக்கும் சாமான்களை மொத்தமாக எடுத்து வந்து விற்பதுதான் அவர் தொழில். மணி அடிக்காத கடிகாரம், காது உடைந்த பீங்கான் கோப்பை, மூன்று கால் நாற்காலி என்று எங்கள் வீட்டு மாடியில் அவர் இறக்காத பொருள் கிடையாது. "இது ஊடா இல்ல குடோனாடா?" என்று அம்மா கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தார்.

அந்த வருடம் மழைக்காலத்தில் அவர் ஒரு தேக்கு அலமாரியைக் கொண்டுவந்தார். ஆளுயரம், உள்ளே தட்டுகளுக்குப் பதிலாக வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் பஞ்சு விரித்து அதன் மேல் கற்கள். ஒவ்வொரு கல்லுக்கும் கீழே மங்கிய மசியில் இங்கிலீஷ் எழுதிய துண்டுச்சீட்டு. எந்தத் துரை சேர்த்தாரோ, எங்கெல்லாம் போய் எடுத்து வந்தாரோ, யாருக்கும் தெரியவில்லை. மாமாவுக்கு மரம்தான் கணக்கு. அலமாரி விலை போகும்வரை கற்களை வைத்து விளையாடிக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஆனால், "ஒண்ணும் தொலையக் கூடாது தங்கம்" என்றார்.

நான் விளையாடவில்லை. கடை வைத்தேன்.

இங்கிலீஷ் சீட்டுகளையெல்லாம் எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு, தமிழில் நானே சீட்டு எழுதினேன். கற்களெல்லாம் அத்தாவின் சட்டப்படி இனம் பிரிக்கப்பட்டன. கறுப்பாகப் பளபளத்தது மிளகு. பட்டை பட்டையாக உரிந்தது கருவாப்பட்டை. ஒரே இழுப்பறையில் நான்கு கற்கள் சேர்ந்து இருந்தன. ஒன்று பச்சை, ஒன்று ரோஜா நிறம், ஒன்று மஞ்சள், ஒன்று நிறமே இல்லாதது. இப்படி எதையும் எதோடும் கலந்து வைத்த துரைக்குக் கடை நடத்தத் தெரியாது என்று எனக்குத் தோன்றியது. பச்சையைப் பட்டாணியோடும், ரோஜா நிறத்தைக் குல்கந்து என்றும், மஞ்சளைக் கடலைப்பருப்போடும் வைத்தேன். நிறமில்லாததற்கு நான் எழுதிய சீட்டு இது: கற்கண்டு, முதல் தரம்.

அந்தக் கல்லை எப்படிச் சொல்வேன்! என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். தட்டையாக, ஓரங்கள் சீவிவிட்டது மாதிரி, அப்படி ஒரு தெளிவு. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் மேகம் மூடிய வெளிச்சம்கூட அதற்குள் போய் ஒரு கணம் தங்கி, வெட்டிக்கொண்டு வெளியே வந்தது. அதைவிட ஆச்சரியம் அதன் கனம். முதல் தடவை உள்ளங்கையில் வைத்தபோது என் கை தானாகக் கீழே இறங்கியது. கண் சர்க்கரை என்றது, கை இரும்பு என்றது. இரண்டில் எதை நம்புவது என்று தெரியாமல் ஒரு மத்தியானம் முழுக்க அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உலகத்தில் என்னவோ பெரிதாக இருக்கிறது, அதில் ஒரு துண்டு தெரியாமல் என் கைக்கு வந்துவிட்டது என்ற நினைப்பில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நாக்கில் வைத்துப் பார்த்தாயா என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். வைக்கவில்லை. கடைச் சரக்கை எச்சில் பண்ணக் கூடாது. அதுதான் அந்த மூன்றாவது சட்டம்.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு சனிக்கிழமை. கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் கல், மண் பற்றிய பாடம் நடத்தும் டீச்சர் ஒருவர் அலமாரியைப் பார்க்க வருகிறார், கற்களோடு சேர்த்தே எடுத்துக்கொள்வாராம் என்று காலையில் மாமா சொன்னார். மற்ற கற்களை விட்டுவிடலாம். இதை எப்படி விடுவது? அத்தா பால்காரரோடு பேசிக்கொண்டிருந்த சமயம் கீழே இறங்கிப் போய், கடையின் கண்ணாடி ஜாடியைத் திறந்து, கட்டிக் கற்கண்டுகளின் நடுவே அதைப் போட்டு மூடினேன். அததை அததோடு. எத்தனை கற்கண்டுக்குள் கிடந்தாலும் எடுத்த மாத்திரத்தில் கனத்தை வைத்து நான் கண்டுபிடித்துவிடுவேன் என்ற திமிர் வேறு.

பதினோரு மணி வாக்கில் டீச்சர் வந்தார். காட்டன் புடவை, தோளில் ஜோல்னாப் பை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் பூதக்கண்ணாடி. என் தமிழ்ச் சீட்டுகளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். பிஸ்கட் டப்பாவை வாங்கி, பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்து, கற்களைத் திரும்பவும் அதனதன் இடத்தில் வைக்க ஆரம்பித்தார். பட்டாணி, குல்கந்து, கடலைப்பருப்பு மூன்றையும் ஒரே அறையில் வைத்தபோது நான் பொறுக்க முடியாமல், "அது வேற, இது வேறங்க" என்றேன்.

"இல்லீங் கண்ணு. இதெல்லாம் ஒரே குடும்பம்" என்றார் டீச்சர். "நெறத்த வெச்சுச் சொல்லக் கூடாது. எல்லாத்துக்குள்ளயும் இருக்கறது பாஷாணம், இங்கிலீஷ்ல ஆர்சனிக். அதோட செம்பு சேந்துச்சுன்னா பச்சை. கோபால்ட்டுன்னு ஒண்ணு சேந்தா ரோஸு. ஈயமும் உப்புல இருக்கற குளோரினும் சேந்தா இந்த மஞ்சள்."

வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். நான் நான்கு ஜாதியாகப் பிரித்து வைத்தவை உள்ளுக்குள் ரத்த சொந்தமா! கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வைத்து உலகத்தை அடுக்க முடியுமா? அந்த இழுப்பறையே எனக்கு வேறு மாதிரி தெரிந்தது.

டீச்சர் கடைசிச் சீட்டை எடுத்தார். ஒருமுறை படித்தார். பூதக்கண்ணாடி வைத்து இன்னொருமுறை படித்தார். அவர் குரல் மாறிவிட்டது.

"ஏனுங்க, இதுல இன்னொண்ணு இருக்கோணுமே? நெறமே இருக்காது, கண்ணாடியாட்டம் இருக்கும். ரொம்ப அபூர்வமுங்க. நான் படத்துலதான் பாத்திருக்கேன்."

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"வெளையாட்டில்லீங்க. ஈயமும் பாஷாணமும் சேந்த கல்லு அது. கொழந்தைக கையில சிக்கக் கூடாது. வாயில போட்டாப் போச்சு" என்றார் டீச்சர்.

நான் இரண்டு மூச்சு விடும் நேரம் பேசாமல் இருந்தேன். அந்த இரண்டு மூச்சை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பிறகு, "கல்கண்டு ஜாடியில" என்றேன்.

கீழே போனோம். அத்தா ஜாடியை எடுத்து நியூஸ் பேப்பரில் கவிழ்த்தார். நானும் டீச்சரும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தோம். எல்லாம் லேசு. எல்லாம் சர்க்கரை. அத்தாவின் முகம் சாம்பல் பூத்துவிட்டது.

காலையிலிருந்து கற்கண்டு வாங்கியது ஒரே ஒருவர்தான். ஜெகதளா பக்கம் தேயிலை பறிக்கப் போகிற பெண். மாதாமாதம் எங்களிடம் சாமான் வாங்குகிறவர், வீடு அத்தாவுக்குத் தெரியும். "பாப்பாவுக்கு இருமல் விடமாட்டேங்குது, பால்ல மொளகும் கல்கண்டும் தட்டிப் போட்டுக் குடுக்கணும்" என்று அவர் சொன்னதையும், "நல்ல பெரிய கட்டியாப் பாத்துப் போட்டிருக்கனுங்க" என்று தானே அள்ளிப் போட்டதையும் அத்தா சொன்னார். அந்தப் பாப்பாவுக்கு இரண்டு வயது.

"மாப்ளே, வண்டிய எடு!"

கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டுக் கிளம்பினோம். அத்தா கடையைத் திறந்து போட்டு நான் பார்த்ததே இல்லை. மாமாவின் பழைய வேனில் முன்னால் அத்தா, பின்னால் நானும் டீச்சரும். அருவங்காட்டில் ஃபாக்டரி ஆட்கள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். மாமா ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அத்தா உதட்டுக்குள் ஓதிக்கொண்டே வந்தார். நான் அந்தக் கல்லை நினைத்தேன். அவ்வளவு அழகான ஒன்று ஒரு பிள்ளையைக் கொல்லுமா? கெட்டது கறுப்பாக, நாற்றமாக அல்லவா இருக்கும் என்று எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

வேன் போகிற வரைக்கும் போய், அதற்கு மேல் தேயிலைக்கு நடுவே ஏறுகிற படிகளில் ஓடினோம். அத்தாவின் ஒரு செருப்பு பாதியில் கழன்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசை வீடுகளில் நீலக் கதவு போட்ட வீடு. வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தார். அத்தா வாயைத் திறக்குமுன் ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க வாங்க, நீங்களே வந்துட்டீங்களா! நல்லா இருக்குதுங்களா உங்க நியாயம்? அரிசியில கல்லு போடறவங்களப் பாத்திருக்கேன். பருப்புல போடறவங்களையும் பாத்திருக்கேன். கல்கண்டுல கல்லு போட்டு எடை ஏத்தறவங்கள இன்னைக்குத்தான் பாக்கறேன்! பாலு காய வெச்சுட்டு, தட்டலாம்னு ஒண்ண எடுத்தேன், கை அப்படியே எறங்குது! யாரு கண்ணுல மண்ணத் தூவறீங்க? திங்கக்கெழமை கடைக்கு வந்து நாலு பேரு முன்னால உங்க மொகத்துலயே எறியலாம்னு எடுத்து வெச்சிருக்கேன்!"

அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்துகொண்டன. ஒரு கல்லுக்காக முறத்தோடு உட்காருகிற என் அத்தா, சரக்கைக் குறை சொன்ன ஒருவரிடம் பஜாரே கூடும்படி சண்டை போட்ட என் அத்தா, அந்த வாசலில் கை கூப்பி நின்றார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. முகமோ சிரித்தது.

"திட்டுங்கம்மா. இன்னும் நல்லாத் திட்டுங்க. பாப்பா எங்கீங்க? எதாச்சும் குடிச்சுதுங்களா?"

"அந்த எரிச்சல்ல எதையும் குடுக்கல. உள்ள தூங்குது. ஏன்?"

டீச்சர்தான் சொன்னார். அந்தப் பெண் உள்ளே ஓடி, தூங்குகிற பிள்ளையை வாரி எடுத்து, வாயைத் திறந்து பார்த்து, முகர்ந்து பார்த்து, நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். ஜன்னல் விளிம்பில் காகிதத்தில் சுற்றியிருந்த கல்லை டீச்சர் கைக்குட்டையால் எடுத்தார். மீதிக் கற்கண்டையும் காகிதத்தோடு பொட்டலமாகக் கட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, தொட்டவர்கள் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்றார்.

"யாரு போட்டது?" என்று அந்தப் பெண் கேட்டார். அத்தா பதில் சொல்லுமுன் நானே, "நான்தானுங்க" என்றேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனார். துணிசோப்பை எடுத்து என் கைகளைத் தேய்க்க ஆரம்பித்தார். விரல் விரலாக, நகக்கண் நகக்கண்ணாக. முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தேய்த்தார். "வலிக்குதுங்க" என்றேன். அவர் விடவில்லை. இது ஒரு புதுவிதமான தண்டனை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கல் இன்றைக்கும் டீச்சரின் கல்லூரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பல வருடம் கழித்து நான் அங்கே போய்ப் பார்த்தேன். ஷுல்டெனைட் என்று பெயர் எழுதியிருக்கிறது. ஈயத்தின் ஆர்சனேட், நகம் பட்டாலே கீறல் விழக்கூடிய அளவுக்கு மென்மை, தண்ணீரைப்போல ஆறு மடங்கு கனம். அதைப் பூமியில் கண்டெடுப்பதற்கு முன்பே ஒரு வேதியியல்காரர் சோதனைச்சாலையில் செய்து பார்த்துவிட்டாராம். மனிதன் செய்ததை, பூமி யாருக்கும் சொல்லாமல் ஆப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றின் இருட்டில் எத்தனையோ காலம் முன்னாலேயே செய்து வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் பழத்தோட்டங்களில் பூச்சி மருந்தாகத் தெளித்ததும் இதே பொருள்தானாம். கண்ணாடிக்கு வெளியே நின்றபோதும் என் உள்ளங்கை அந்தக் கனத்தை உணர்ந்தது. இத்தனை கனமாக அது இல்லாமல் போயிருந்தால்? பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று வேனில் திரும்பி வரும்போது கல் டீச்சரின் பைக்குள் இருந்தது. அத்தா இப்போது என்னைத் தன் மடியில் உட்கார வைத்திருந்தார். ஒற்றைக் காலில்தான் செருப்பு. எனக்கு ஒரு விஷயம் தாங்கவே இல்லை.

"அத்தா, நாம எடை ஏமாத்தறோம்னு ஊரே கேக்கத் திட்டுனாங்களே. ஏன் சும்மா இருந்தீங்க?"

"அந்த வாய்க்குச் சக்கரை போடணும் கண்ணு" என்றார் அத்தா. என் தலையில் முகத்தை வைத்துக்கொண்டார். என் உச்சி நனைந்தது.

அந்தத் திட்டுக்குச் சர்க்கரையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் எதற்கு அழுகிறார் என்றும் புரியவில்லை. ஆனாலும் நானும் சேர்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். என் கல் போய்விட்டதே என்று.